நைனா வண்டியில் பல்பு தங்காத மாதங்கள்

1. ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் நைனாவின் காரில் இடது பக்க ஹெட்லைட் அணைந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து இருந்த பல்பு. வயதாகிவிட்டது, போய்விட்டது என்று மாற்றினார்கள்.

2. மாற்றிய பல்பு கார்த்திகை தீபத்துக்கு முன்பே போனது.

3. ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு என்று இருந்தால் ஒத்துக்கொள்ளாது என்று யாரோ சொல்ல, இரண்டையும் சேர்த்து மாற்றினார்கள். முதலில் வலது போனது. அதை மாற்றிய சில நாளில் இடது.

4. கடையை மாற்றினார்கள். கம்பெனியை மாற்றினார்கள். விலை கூடிய பல்பு, விலை குறைந்ததைவிடச் சீக்கிரம் போனது.

5. மார்கழியில் விழுப்புரம் ரயிலுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு விடியுமுன் கிளம்பினார் நைனா. மண்டகப்பட்டுக்குத் திரும்பும் இடம் வருவதற்குள் ஒரு விளக்கு போனது. இன்னும் கொஞ்ச தூரத்தில் மற்றதும் போனது. எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, பின்னால் ஒரு சிவப்புத் துண்டுகூட இல்லாமல், பாதி ரோட்டில் நின்றிருந்தது. நைனா எப்படி ஒடித்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. மிச்ச வழியை, முன் சீட்டில் இருந்தவர் ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்த போன் டார்ச் வெளிச்சத்தில் ஓட்டினார்.

6. ஆல்டர்னேட்டரில், வோல்டேஜ் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டரை மாற்றினோம். தை முழுக்க விளக்கு போகாமல் நின்றது. மாசியில் வலது பக்கம் மறுபடியும் போனது. இன்னொரு தடவை பல்பு போனால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று அன்று அம்மா சொன்னாள். நைனா சரி என்றார்.

என் வேலையில் ஒரு கோளாறு வந்தால் இப்படித்தான் எழுதத் தொடங்குவோம். நடந்தது மட்டும், நடந்த வரிசையில். ஏன் என்பது அதற்குப் பிறகு. நான் மின்னியல் படித்தவள். ஒரகடம் பக்கத்தில், வண்டிகளுக்கு ஒயரிங் கட்டும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வாரக் கடைசியில் செஞ்சிக்கு வந்துவிடுவேன். தெருவில் எல்லோருக்கும் நான் வண்டிக் கம்பெனிக்காரி. அப்படி ஒருத்தி இருக்கிற வீட்டின் கார்தான் ஒற்றை விளக்கோடு திரிந்தது. கூட்டு ரோட்டு டீக்கடையில் நைனாவைக் கண்டதும், "ஒத்தக் கண்ணு வந்துட்டாரு, வழி வுடுங்கப்பா" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். "ஒங்க மூஞ்சிங்களப் பாக்க ஒரு கண்ணு போதும்டா" என்று அவரும் சிரிப்பார். வீட்டுக்குள் வரும்போது அந்தச் சிரிப்பு அவரோடு வராது.

நைனா பல வருடம் லாரி ஓட்டியவர். முதுகு ஒத்துழைக்காமல் லாரியை விட்ட பிறகு இந்த வெள்ளைக் காரை வாங்கினார். ஏழு பேர் உட்காரலாம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, அமாவாசைக்கு மேல்மலையனூர், நடுவில் கல்யாணம், ஆஸ்பத்திரி, ரயில். கோட்டை பார்க்க வருகிறவர்களைப் பகலில் சுற்றிக் காட்டுவதும் உண்டு. ஆனால் நிலையான சவாரி எல்லாம் இருட்டில்தான். விளக்கை நம்ப முடியாத கார் அவருக்குப் பயன்படாது. காரும் போனால் அவருக்கு மிச்சம் இருப்பது ஏதாவது ஒரு கம்பெனி கேட்டில் நாற்காலி போட்டு உட்காருகிற வேலை. அதைப் பற்றி அம்மாவின் தம்பி ஒருமுறை பேச்செடுத்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

மாசியில் பல்பு போன அந்தச் சாயங்காலம் நான் வீட்டில் இருந்தேன். நைனா வண்டியை நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா வெளியே வந்து வண்டியின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாங்க, மறுபடியுமா?"

"ம்."

"ரெகுலேட்டர் மாத்துனா நின்னுடும்னு இவ சொன்னாளே."

"நின்னுச்சில்ல, தை பூரா."

"தை பூரா நின்னுச்சு. அப்புறம் இன்னா ஆச்சு?"

"பல்புடி அது. போவத்தான் செய்யும்."

"சமையக்கட்டுல ஒரு பல்பு எரியுது, நாம இந்த வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து. அது போவுதா? ஒங்க வண்டில மட்டும் இன்னாத்துக்குப் போவுது? எதையோ சொல்லுதுங்க அது. காது குடுக்க மாட்டன்றீங்க. மண்டகப்பட்டுகிட்ட ஒரு தபா காட்டுச்சு. இன்னொரு தபா காட்டறதுக்குள்ள நாமளா நிறுத்திக்கணும்."

நைனா இன்ஜினை அணைத்தார். அம்மா நகரவில்லை.

"இன்னொரு பல்பு போச்சுன்னா வண்டிய வித்துடணும். இப்பவே சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். உன்னால் முடியுமா முடியாதா என்று கேட்கிற பார்வை. பிறகு அம்மாவிடம், "சரி, வித்துடலாம்" என்றார்.

அம்மா அழுதிருந்தாலோ கத்தியிருந்தாலோ அவர் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். அவள் இரண்டும் செய்யவில்லை. நைனா லாரி ஓட்டிய வருடங்களில், போனால் எப்போது வருவார் என்று தெரியாது. வாரக்கணக்கில் சேதி இருக்காது. அந்த வருடங்களை அம்மா எப்படிக் கடந்தாள் என்று நான் கேட்டதில்லை. அவர் கிளம்பும்போதெல்லாம் லாரியின் முன் கண்ணாடிக்கு விபூதி பூசி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவர் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். அம்மாவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

விட்ட இடத்திலிருந்து நான் மறுபடியும் தொடங்கினேன். ஹெட்லைட் பல்பு அடிக்கடி போனால் பார்க்க வேண்டியவை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தவைதான். சார்ஜிங் வோல்டேஜ் கூடுதலாக இருக்கிறதா. எர்த் ஒயர் சரியாகப் பிடித்திருக்கிறதா. ஹோல்டர் உருகியிருக்கிறதா. விளக்குக் கூட்டுக்குள் தண்ணீர் இறங்குகிறதா. பல்பு ஆடுகிறதா. வெளிச்சம் வேண்டுமென்று யாராவது அதிக வாட் பல்பைப் போட்டுவிட்டார்களா. மாட்டும்போது கண்ணாடியைக் கையால் தொடுகிறார்களா.

மார்கழியிலேயே இவற்றைப் பார்த்திருந்தேன். திருவண்ணாமலை ரோட்டில் நைனாவின் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஷெட்டில் வைத்து, மீட்டரைப் பிடித்துக்கொண்டு, இன்ஜினை முறுக்கச் சொன்னேன். வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக ஏறியது. காரணம் கிடைத்துவிட்டது என்று ரெகுலேட்டரை மாற்றினோம். மிச்சத்தையும் விடவில்லை. எர்த் ஒயரைச் சுரண்டி மாட்டினோம். ரப்பர் மூடி கிழிந்திருந்தது, அதையும் மாற்றினோம். அண்ணன் பல்பு மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உலோக வளையத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, கண்ணாடி மேல் படாமல், குழந்தைக்குக் காது குத்துகிற பதத்தில் உள்ளே விட்டார். கண்ணாடியைத் தொடுவது என்பதை மனதுக்குள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

"இன்ஜினியரம்மா, எல்லாம் எழுதிக்கினியா?" என்றார் அவர். "நீங்க கட்டி அனுப்புற ஒயர எல்லாம் நாங்கதான் அறுத்து அறுத்துக் கட்டினு இருக்கோம். அதையும் எழுதிக்கோ."

"எங்க கம்பெனி ஒயர் இதுல இல்லண்ணா."

"அதான் வண்டி ஓடுது."

இப்போது மாசியில், எல்லாம் சரியாக இருந்தும் பல்பு போயிருந்தது. மீட்டர் குற்றம் சொல்லவில்லை. ரப்பர் மூடிக்குள் ஈரம் இல்லை. மிச்சம் இருந்த ஒரே சாட்சி, செத்துப்போன பல்புகள். நைனா எதையும் தூக்கிப் போட மாட்டார். பழையவை எல்லாம் கார் கதவுப் பையில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றை எடுத்து வெயிலில், பழைய பேப்பர் மேல் வரிசையாக வைத்தேன்.

முதல் பல்பின் கண்ணாடி சுத்தமாக இருந்தது. உள்ளே இழை அறுந்திருந்தது, அவ்வளவுதான். வயதான பல்பு போகிற விதம் அது. அதற்குப் பிறகு போனவை அத்தனையிலும் கண்ணாடியில் ஒரு இடம் பால் கலந்த மாதிரி மங்கியிருந்தது. சிலதில் அந்த இடம் லேசாக உப்பியிருந்தது. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே இடம். அளவு, ஒரு விரல் நுனி.

இந்தப் பல்பு எரியும்போது அதன் கண்ணாடி, கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்கிற சூட்டுக்குப் போகும். அதில் எண்ணெய்ப் பசை இருந்தால் அந்த இடம் மட்டும் கருகும். மற்ற இடத்தைவிடச் சூடு ஏறிக் கண்ணாடி பலவீனமாகும், பிறகு உள்ளிருக்கும் வாயு கசியும். வோல்டேஜும் கூடுதலாக இருந்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும். ரெகுலேட்டரை மாற்றியதும் தை முழுக்க நின்றதற்கும், பிறகு போனதற்கும் இப்போது ஒரே விளக்கம் போதுமாக இருந்தது. கோளாறு ஒன்று இல்லை, இரண்டு. ஒன்றைத்தான் சரி செய்திருந்தோம். இரண்டாவது, யாரோ ஒருவருடைய விரல்.

பல்புகளை அப்படியே பேப்பரில் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் வெரலா? பல்பு மாட்டறத எனக்கே சொல்லித் தரியா?"

"சொல்லித் தரலண்ணா. கேக்கறேன்."

"நான் டப்பாவே பிரிக்கறதில்ல. ஒங்க நைனா பிரிச்சித்தான் கொண்ணாந்து குடுக்கறாரு. அவரப் போயி கேளு."

வீட்டுக்கு வந்து நைனாவைக் கேட்டேன். அவர் யோசிக்காமல், "நான் தொடல பாப்பா" என்றார்.

"டப்பாவ யாரு பிரிக்கறது?"

"வூட்டுல வெச்சி எடுத்துனு போறேன்ல, அப்ப பிரிச்சித்தான் இருக்கும்." சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவருக்கு அப்போதே தெரிந்திருந்ததா, இல்லையா என்று இன்றுவரை என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் ஒரு ராத்திரி சாமி அலமாரியில் இருந்துவிட்டுத்தான் வெளியே வரும். பள்ளிக்கூட நோட்டு, மிக்சி, என் வேலை உத்தரவு, போர் மோட்டாருக்கு வாங்கிய கெப்பாசிட்டர் எல்லாம் அப்படி இருந்துவிட்டு வந்தவைதான். புதுப் பல்பு ஜோடி முந்தின நாளே வந்திருந்தது. நைனா அதைத் திண்டிவனத்தில் வாங்கி அம்மாவிடம் கொடுத்ததைப் பார்த்தும் இருக்கிறேன். டப்பாவைப் பிரித்தாலும் அலமாரியில் சும்மாதான் இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்ப, விடிந்ததும் எழுந்தேன். அம்மா தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டு கட்டி, சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தாள். காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு வெற்றிலை மேல் பல்புகள் இரண்டும், டப்பா இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. அம்மா மோதிர விரலை விளக்கின் எண்ணெயில் தொட்டாள். பிறகு குங்குமத்தில். பிறகு பல்பின் கண்ணாடி மேல், மேல் பக்கம் நடுவில், ஒரு பொட்டு வைத்தாள். இரண்டாவது பல்புக்கும் அப்படியே. அவசரமே இல்லை. எனக்குப் பரீட்சை நாட்களில் வைத்த அதே பொட்டு.

"இன்னாம்மா பண்ற?"

"பாத்தா தெரில? ஏன், ஒங்க கம்பெனில ஆயுத பூசைக்கி மிஷினுக்குப் பொட்டு வைக்க மாட்டாங்களா?"

"வைப்பாங்க. எண்ண எதுக்கு?"

"வெறும் குங்குமம் கண்ணாடில ஒட்டாதுடி. வழுக்கிடும்."

"எப்பலேர்ந்து இப்படிப் பண்ற?"

"மொத பல்பு போச்சில்ல, அன்னிலேர்ந்து. அது பொட்டு வெக்காமயே வண்டியோட வந்தது. அதான் புதுசுக்கெல்லாம் நானே வெச்சிக் குடுக்கறேன். ஒவ்வொரு தபா போவும்போதும் இன்னும் நல்லா வேண்டிக்கிறேன்."

"நான் பாத்ததே இல்லியே. பல்புல பொட்டு இருக்காதே."

அம்மா முந்தானையின் ஓரத்தை எடுத்து, பல்பின் மேல் வைத்து அழுத்தித் துடைத்துக் காட்டினாள். சிவப்பு போய்விட்டது. பல்பு பளபளவென்று இருந்தது.

"மொத தபா பொட்டோட கொண்டு போனாராம். 'இன்னா, பல்புக்குக் கல்யாணமா'ன்னு கேட்டானாம் அந்த மெக்கானிக்கு. சாமி காரியத்துக்குச் சிரிக்கிறவன் கையில குடுக்கறதுன்னா தொடச்சிட்டுத்தான் குடுக்கணும். வெச்சது வெச்சதுதானே, தொடச்சா போயிடுமா?"

போகவில்லை. அதுதான் பிரச்சினை. துடைத்ததில் எண்ணெய் இன்னும் அகலமாகப் பரவியிருக்கும். பொட்டு இருந்த இடத்தில் கொஞ்சம் தடிப்பாகவே தங்கியிருக்கும். பல்பு போகப் போக அம்மா வேண்டுதலைக் கூட்டினாள். கூட்டக் கூட்ட எண்ணெயும் கூடியிருக்கும். நான் அந்தப் பல்புகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நைனா வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை அவர் துணியை நிறுத்தவில்லை.

"அவகிட்ட சொல்லாத" என்றார்.

"நைனா, விளக்கு ரோட்ல போவுது."

"தெரியும். ரோட்ல இருக்கறவன் நான். சொல்லாத." துணியைப் பிழிந்தார். "நான் ரெண்டு ஜோடி வாங்கிக்கிறேன். ஒன்ன அவ கையில குடுத்துடறேன். இன்னொன்னு டப்பா பிரிக்காம ஷெட்டுல இருக்கட்டும், அத மாட்டிக்கலாம். அவளுது வண்டிக்குள்ளயே பத்திரமா இருக்கும். அவளுக்கும் திருப்தி, எனக்கும் வெளிச்சம்."

"ஏமாத்தறதா?"

"இத்தினி வருசம் அவ கும்புட்டதாலதான் நான் உசுரோட வந்தேன்னு நெனச்சினு இருக்கா. நீ போயி, ஒன் கையாலதான் போச்சுன்னு சொல்லுவியா? சொல்லிட்டு நீ பஸ் ஏறிப் போயிடுவ. நான்தான் இங்க இருக்கணும்."

அதில் நியாயம் இருந்தது. அந்த வாரம் முழுக்க, சோதனை மேசையில் ஒயர்களைச் செருகிச் செருகி எடுத்துக்கொண்டே, நைனாவின் யோசனையை ஒரு கோளாறுபோல எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தேன். அது வேலை செய்யும். ஒரு இடத்தில் மட்டும் உடையும். எந்தப் பல்பும் நிரந்தரம் இல்லை. எண்ணெய் படாத பல்பும் ஒருநாள் வயதாகிப் போகும், முதல் பல்பு போன மாதிரி. அன்று அம்மாவுக்குத் தெரிந்திருப்பதெல்லாம், இத்தனை வேண்டியும் மறுபடி போய்விட்டது என்பது மட்டும்தான். நைனா சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். வண்டி கைவிட்டுப் போகும். அப்படிப் போகாவிட்டால், அவர் இருட்டில் கிளம்பும் ஒவ்வொரு நாளும் அம்மா அவரைச் சாவுக்கு அனுப்பி வைப்பதாகத்தான் நினைத்துக்கொள்வாள். பொய் ஒரு பல்பின் ஆயுள்வரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

சனிக்கிழமை மதியம் வந்து சேர்ந்தேன். நைனா சீயமங்கலத்துக்கு ஒரு சவாரி போயிருந்தார். வல்லத்திலிருந்து மாமா கொடுத்தனுப்பிய ஒரு மூட்டை மல்லாட்டையைக் கொட்டி வைத்து, அம்மா கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னேன். வோல்டேஜ் கூடியிருந்ததை முதலில் சொன்னேன். எண்ணெயை அடுத்துச் சொன்னேன். அந்த வரிசையில் சொன்னால் கொஞ்சம் லேசாக விழும் என்று நினைத்தேன்.

அம்மா கேட்டுக்கொண்டே உரித்தாள்.

"என் கை பட்டா போயிடுமா?"

"யார் கை பட்டாலும்மா. என் கையும்தான். எல்லார் கையிலயும் எண்ணப் பச இருக்குது. நீ வெளக்கு எண்ணையும் சேத்து வெச்ச, அதான் சீக்கிரம் போச்சு."

"எண்ண இல்லாம, தண்ணி தொட்டு வெச்சா?"

"வேணாம்மா."

"விபூதி?"

"கண்ணாடி மேல எதுவுமே படக் கூடாது."

"கற்பூரம் காட்டலாமா? தொட வேணாம், தூரமா."

"தூரமா காட்டு. புகை படாம."

"புகை படாம கற்பூரம் எப்படிடி காட்டறது?" என்றாள். அவள் குரலில் எரிச்சல் வந்தது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியில், டப்பாவைப் பிரிக்காமல் அலமாரியில் வைக்கலாம், டப்பாவுக்குப் பொட்டு வைக்கலாம் என்றேன்.

"அட்டைக்குப் பொட்டு வெச்சா சாமி அட்டையத்தான் காப்பாத்தும்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த காயை உடைத்தாள். பருப்பைத் தோல் குவியலில் போட்டாள், தோலைப் பருப்பு முறத்தில் போட்டாள். நான் எடுத்து மாற்றிப் போட்டேன்.

"மண்டகப்பட்டுகிட்ட ரெண்டும் ஒண்ணா போச்சே. அது நான் வெச்ச பொட்டாலதானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வோல்டேஜ் என்று சொன்னால் பாதி உண்மை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவும் ஒரு காரணம்மா."

"அந்த டிராக்டர்ல மோதியிருந்தா?"

"மோதல இல்ல."

"மோதியிருந்தா, நான் வேண்டிக்கினேதான் அவரக் கொன்னுருப்பேன்."

மிச்சக் காய்களை உரித்து முடித்தோம். தோலை அள்ளிக் கொட்டிவிட்டு வந்து கைகழுவியவள், வெகுநேரம் கழுவினாள். சோப்புப் போட்டு, நகக்கண் எல்லாம் தேய்த்து. சமையல்கட்டுக்குள் போகும்போது, "வண்டிய விக்க வேணாம்னு சொல்லிடு ஒங்க நைனாகிட்ட" என்றாள்.

சாயங்காலம் நைனா வந்ததும் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா எப்போதும்போல் வெளியே வந்து நிற்கவில்லை. அவருக்கு அது போதும். "சொல்லிட்டியா" என்றார். ஆமாம் என்றேன். செருப்பைக் கழற்றினார், உள்ளே போனார். என்னிடம் அந்த முறை அதற்கு மேல் பேசவில்லை.

அம்மா எண்ணெய் வைத்துத் துடைத்த ஜோடியை வண்டியில் போடவில்லை. ஸ்பிரிட் தொட்ட துணியால் நான் அவற்றை நன்றாகத் துடைத்து, மாற்றாக இருக்கட்டும் என்று டப்பாவில் போட்டு வைத்தேன். புதிதாக வாங்கிய ஜோடி கடையிலிருந்து நேராக ஷெட்டுக்குப் போனது. எங்கள் வீட்டுக்கென்று வாங்கி, சாமி அலமாரியில் ஒரு ராத்திரிகூட இருக்காமல் உபயோகத்துக்குப் போன முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும். மெக்கானிக் அண்ணனிடம் காரணத்தைச் சொல்லவில்லை. ரெகுலேட்டர்தான் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

இப்போது ஆவணி நடக்கிறது. பங்குனியில் போட்ட பல்புகள் இரண்டும் எரிகின்றன. வண்டியை விற்கவில்லை. நைனா பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஓட்டுகிறார். அவர் என்னோடு பேசுகிறார், வண்டியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அவர் விடியுமுன் கிளம்பும் நாட்களில் அம்மா எழுந்து காபி போட்டுக் கொடுக்கிறாள், ஆனால் வாசலைத் தாண்டி வருவதில்லை. காரில் எங்காவது போக வேண்டுமென்றால் யாராவது கதவைத் திறந்துவிடும்வரை நிற்கிறாள். போன வாரம் மேசையைத் துடைக்க வந்தவளிடம் என் லேப்டாப்பைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். "நான் தொடலாமா?" என்று கேட்டாள். தொடலாம் என்றேன். அவள் தொடவில்லை. நானே நகர்த்தினேன்.

ஆயுத பூஜை வரப்போகிறது. வண்டிக்கு யார் பொட்டு வைப்பது என்று வீட்டில் இன்னும் யாரும் பேசவில்லை.